மல்லாட்டைத் தோலோடு சேர்த்து நான் வாங்கிய தண்ணீர்

திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் இடையில் உள்ள ஒரு சிற்றூரில், மல்லாட்டை உடைக்கும் மில்லில் 11 ஆண்டுகள் கணக்கு எழுதினேன். நிலக்கடலையை எங்கள் விழுப்புரம் பக்கத்தில் மல்லாட்டை என்றுதான் சொல்வோம். பங்குனி பிறந்துவிட்டால் மில்லின் பின்புறம் தோல் குன்றுபோலக் குவியும். செங்கல் சூளைக்காரர்கள் டிராக்டரில் வந்து அள்ளிக்கொண்டு போவார்கள். அதே தோலை இயந்திரத்தில் அழுத்திக் கட்டையாக்கினால் தொழிற்சாலை பாய்லர்களில் நிலக்கரிக்குப் பதிலாக எரிக்கலாம், டன்னுக்கு ஆறாயிரம் ரூபாய்க்கு மேல் கிடைக்கும் என்று தெரிந்த அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. எரிகட்டி, பிரிக்கெட், வெள்ளை நிலக்கரி என்று பல பெயர்களில் அதைச் சொல்கிறார்கள். 2023இல் தொழிலைத் தொடங்கினேன். இரண்டு ஆண்டுகளுக்குள் 21 லட்சம் ரூபாய் போயிற்று. யாராவது ஒருவர் அரை மணி நேரம் உட்கார்ந்து உண்மையைச் சொல்லியிருந்தால் அதில் பாதியாவது மிஞ்சியிருக்கும். என் கணவர் மஸ்கட்டில் ஓட்டுநர். தொலைபேசியில் ஆறுதல் சொல்வார், இயந்திரத்துக்கு அருகில் வந்து நிற்க அவரால் முடியாது. தட்டித் தடவி நானே கற்றுக்கொண்டதை, இந்தத் தொழிலை யோசித்துக்கொண்டிருக்கும் எவருக்காவது பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

எரிகட்டி இயந்திரங்களுக்குப் பெயர்போன ஊர் குஜராத்தின் ராஜ்கோட். 2022இல் தம்பியை அழைத்துக்கொண்டு அங்கே போனேன். மூன்று பட்டறைகளைப் பார்த்து, 90 மில்லிமீட்டர் கட்டை தரும் இயந்திரம் ஒன்றைப் பிடித்துப்போய் முன்பணம் கொடுத்தோம். ஓட்டிக் காட்டியபோது கட்டைகள் பாம்புபோல வழுவழுவென்று வந்தன. மணிக்கு 1,500 கிலோ என்றார்கள். அன்று அவர்கள் உள்ளே போட்டது நன்றாகக் காய்ந்த மரத்தூள். என் ஊரில் நான் போடப்போவது மல்லாட்டைத் தோல் என்பதை நான் சொன்னேன். "எதைப் போட்டாலும் இப்படித்தான் வரும்" என்றார்கள், நம்பினேன். என் கொட்டகையில் மணிக்கு 900 கிலோவைத் தாண்டியதே இல்லை. வாங்கப் போகிறவர்கள் தங்கள் சொந்தச் சரக்கில் இரண்டு டன்னையாவது, தமிழ்நாட்டிலேயே அதே இயந்திரம் ஓடுகிற ஒரு கொட்டகைக்குக் கொண்டுபோய், குறைந்தது நான்கு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். அந்தக் கொட்டகைக்காரருக்குக் கூலி கொடுத்தாலும் நட்டமில்லை. தேயும் பாகங்களுக்கான பில்களைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். அவர் கண்ணில் தெரிகிற சோர்வையும் பாருங்கள்.

அதே விற்பனையாளர் இன்னொன்றும் சொன்னார். அனல்மின் நிலையங்கள் நிலக்கரியோடு 5 சதவீதம் தாவரக் கழிவு எரிபொருளைக் கலக்க வேண்டும் என்று 2021 அக்டோபரில் மத்திய மின் அமைச்சகம் கொள்கை வெளியிட்டிருக்கிறது, ஆகவே உங்கள் சரக்கு மொத்தமும் அரசு நிலையங்களுக்கே போய்விடும் என்றார். கொள்கை உண்மைதான். ஆனால் அந்த நிலையங்கள் கேட்பது விரல் பருமனுள்ள பெல்லட் குச்சிகள். அதற்கு வேறு இயந்திரம் வேண்டும். கை மணிக்கட்டைவிடப் பருமனான என் கட்டை அவர்களுக்கு உதவாது. சரக்கை யார் வாங்குவார், எந்த வடிவத்தில் வாங்குவார் என்று வாங்குபவர் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் முன்பணம் கொடுத்தது என் தவறு.

கடனைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் 48 லட்சத்துக்கு விண்ணப்பித்தேன். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை திட்ட மதிப்பு போடலாம். கிராமத்தில் தொடங்கும் பெண்களுக்கு 35 சதவீதம் மானியம். அந்த மானியம் கையில் வரும் என்று எண்ணி, கொட்டகைக்கு அதை ஒதுக்கிக் கணக்குப் போட்டிருந்தேன். மானியத் தொகையை வங்கி 3 ஆண்டுகள் வைப்பில் வைத்திருந்து, தொழில் நடப்பதைச் சரிபார்த்த பிறகே கடனில் கழிக்கும். இது தெரிந்தபோது அஸ்திவாரம் தோண்டியாகிவிட்டது. அம்மாவின் நகையை அடகு வைத்தேன். அப்படியும் பணம் போதவில்லை. பாதிக் கொட்டகைக்குத்தான் கூரை போட முடிந்தது. சூடான காற்றில் தோலை உலர்த்தும் கருவியையும் வாங்காமல் விட்டேன். "உங்கள் ஊர் வெயிலுக்கு அது எதற்கு" என்று விற்பனையாளரே சொன்னதால் மனம் சமாதானமாகிவிட்டது. பின்னால் நடந்த எல்லாவற்றுக்கும் வேர் இந்த இரண்டு சிக்கனங்களில் இருக்கிறது.

2023 மார்ச்சில் முதல் ஓட்டம். இதில் பசை எதுவும் சேர்ப்பதில்லை. தோலில் லிக்னின் என்ற பொருள் இயற்கையாகவே இருக்கிறது. அழுத்தத்திலும் உராய்வுச் சூட்டிலும் அது இளகித் தூளை ஒட்டவைக்கும், ஆறியதும் இறுகும். இது நடக்கச் சரக்கில் ஈரம் பத்து சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் அந்தத் தண்ணீர் இயந்திரத்துக்குள்ளேயே ஆவியாகும், வெளியேற வழி தேடும். எங்களுக்கு முதல் இரண்டு நாட்கள் கட்டை வெடிப்பு விட்டு வந்தது. கையில் எடுத்தால் உதிர்ந்தது. மூன்றாம் நாள் பிற்பகல் பட்டாசு வெடித்ததுபோல ஒரு சத்தம். குழாய் வாயிலிருந்து கட்டையும் ஆவியும் ஒன்றாகப் பீறிட்டன. எதிரே நின்ற எங்கள் ஊர்ப் பையனுக்கு முன்னங்கை வெந்துவிட்டது. 12 நாட்கள் மருத்துவமனையில் இருந்தான். அவன் அம்மா வார்டு வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அவனை மறுபடியும் வேலைக்குக் கூப்பிடுவாயா, அம்மா?" என்றுதான் கேட்டார். அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு அடைக்கிறது. தயவுசெய்து குழாயின் வாய்க்கு நேரே யாரையும் நிற்க விடாதீர்கள். கட்டை ஆறிக்கொண்டே போகும் நீண்ட தண்டவாளத்தைச் சுற்றி இரும்பு வலை போடுங்கள். ஓடும் சத்தம் மாறினால் முதலில் தோல் போடுவதை நிறுத்துங்கள், காரணத்தைப் பிறகு தேடலாம்.

பங்குனி வெயிலில் தோலில் ஏது ஈரம் என்று எனக்கு விளங்கவே இல்லை. விடை 11 ஆண்டுகளாக என் கண் முன்னால் இருந்திருக்கிறது. மில்லில் பருப்பு உடையாமல் வருவதற்காகக் காயின் மேல் தண்ணீர் தெளித்துத்தான் உடைப்பார்கள். பருப்பு காய்ந்துவிடும், தோல் குவியலின் உட்புறம் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு கதகதவென்று இருக்கும். கணக்கு மேசையில் இருந்த எனக்குத் தோல் என்பது வரவேட்டில் எழுதும் ஒரு வரி மட்டுமே. குவியலுக்குள் ஒரு முறைகூடக் கையை விட்டுப் பார்த்ததில்லை.

இனி வருவதுதான் இந்தக் கட்டுரையில் நீங்கள் அவசியம் படிக்க வேண்டிய பகுதி. நான் டன் 4,000 ரூபாய் என்று 10 டன் தோல் வாங்கினேன், 40,000 ரூபாய் கொடுத்தேன். அதில் ஈரம் 30 சதவீதம். அப்படியென்றால் உலர்ந்த தோல் 7 டன்தான். பத்து சதவீத ஈரத்துக்குக் காயவைத்தால் கையில் நிற்பது 7.78 டன். மீதி இரண்டே கால் டன்னுக்குச் சற்றுக் குறைவான எடை, வெறும் தண்ணீர். அதற்கும் நான் தோல் விலை கொடுத்திருக்கிறேன். ஆக, ஒரு டன்னின் உண்மையான விலை 5,141 ரூபாய். மின்சாரம், கூலி, தேய்மானம், உலர்த்தும் செலவு எல்லாம் சேர்த்து என் கொட்டகையில் டன்னுக்கு 1,700 ரூபாய் ஆயிற்று. மொத்தம் 6,841. நான் விற்றது 6,600க்கு. ஒவ்வொரு டன்னிலும் 241 ரூபாயை இழந்துகொண்டு, லாரி லாரியாகச் சரக்குப் போகிறதே என்று ஏழு மாதங்கள் மகிழ்ந்திருக்கிறேன். கணக்கு எழுதியே பிழைத்த எனக்கு இது தெரியவில்லை என்பதுதான் பெரிய வலி. இயந்திரம் நின்ற நாட்களையும் வட்டியையும் சேர்த்தால் முதல் ஆண்டு நட்டம் 6 லட்சத்து 40 ஆயிரம்.

அதன் பிறகு பழைய சூட்டடுப்பு ஒன்றை 9,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஆய்வுக்கூடங்களில் பயன்படுத்தும் சிறிய பெட்டி. வண்டியில் வந்த தோலை ஐந்து இடங்களில், மேலாகத் தொடாமல் முழங்கை ஆழத்தில் கையை விட்டு எடுத்துக் கலந்து, 100 கிராம் நிறுத்து, 105 டிகிரியில் எடை இனிக் குறையாது என்கிற வரை காயவைக்கிறேன். எத்தனை கிராம் குறைகிறதோ அத்தனை சதவீதம் ஈரம். மரத்தில் குத்திப் பார்க்கும் ஈரமானி ஒன்றும் முதலில் வாங்கியிருந்தேன். உதிரியான தோலில் அது காட்டும் எண்ணை நம்ப முடியவில்லை. இப்போது என் கொள்முதல் உலர்ந்த எடைக்குத்தான். தொடக்கத்தில் தரகர்கள் சண்டைக்கு வந்தார்கள். "தோலில் கூடவா ஈரம் பார்ப்பீர்கள் அக்கா, நெல்லா இது?" என்று ஒருவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஆறு வாரம் கழித்து அவரே தன் களத்தில் இரண்டு நாள் காயவைத்துக் கொண்டுவந்தார். அவருக்கு டன்னுக்கு 900 ரூபாய் கூடுதலாகக் கிடைத்தது.

ஈரத்துக்கு அடுத்த எதிரி மண். காயோடு வரும் செம்மண் தோலோடு தங்கிவிடும். இயந்திரத்துக்குள் தோலை இடிக்கும் தண்டு, அது நுழையும் வளையம், கட்டைக்கு வடிவம் தரும் அச்சான டை என்று மூன்று பாகங்கள் ஓயாமல் தேயும். மணல் சேர்ந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல ஆகிவிடும். ஒரு மாதத்துக்கு மேல் வரும் என்று சொல்லப்பட்ட முதல் தொகுதி எனக்கு 11 நாளில் முடிந்தது. ராஜ்கோட்டிலிருந்து மாற்றுப் பாகம் வர ஒன்பது நாள் ஆயிற்று, அத்தனை நாளும் கூலி கொடுத்தேன். இரண்டு தொகுதிகளைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள். தேய்ந்ததைத் தூக்கிப் போடாமல், கடின உலோகப் பூச்சு வெல்டிங் தெரிந்தவரை உள்ளூரிலேயே தேடிப் பிடியுங்கள். மண் இருக்கிறதா என்று பார்க்கப் பெரிய கருவி வேண்டாம்: ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு கை தோலைப் போட்டுக் கலக்கினால் தோல் மிதக்கும், மண் அடியில் தங்கும். இப்போது சலிக்காத தோல் என் கொட்டகைக்குள் போவதில்லை.

தோல் விலை ஏறியபோது வைக்கோலைச் சேர்க்கலாம் என்று நினைத்தேன். பஞ்சாபிலும் ஹரியானாவிலும் வயலிலேயே எரிக்கிறார்களே, இங்கேயும் மலிவாகக் கிடைக்கும் என்பது என் எண்ணம். பக்கத்து நிலத்துப் பெரியவர், "ஏம்மா, மாட்டின் வாயிலிருந்து பிடுங்கியா பாய்லருக்குப் போடப் போகிறாய்?" என்று கேட்டார். எங்கள் பக்கம் வைக்கோல் கழிவே இல்லை, தீவனம். நல்ல வைக்கோலுக்கு மாட்டுக்காரர் கொடுக்கும் விலையை என்னால் கொடுக்க முடியாது; கொடுக்கவும் கூடாது என்று பிறகு தோன்றியது. மழையில் நனைந்து மாடு தொடாத வைக்கோல்தான் எனக்குக் கிடைத்தது. அதைக் காயவைத்துத் தோலோடு கலந்து 20 டன் அனுப்பினேன். நான்காம் நாள் பாய்லர் பொறுப்பாளர் கூப்பிட்டார். அடுப்புத் தட்டில் சாம்பல் உருகிக் கண்ணாடிப் பாறைபோல இறுகியிருந்தது, கடப்பாரையால் உடைத்துக்கொண்டிருந்தார்கள். வைக்கோலில் சாம்பலே அதிகம், அதோடு பொட்டாசியமும் குளோரினும் இருப்பதால் அந்தச் சாம்பல் குறைந்த சூட்டிலேயே உருகும். தோலில் சாம்பல் ஐந்து சதவீதத்துக்குள் அடங்கிவிடும். நெல் உமியில் அது இருபது சதவீதம் வரை போகும், வெப்பமும் குறைவு. இதெல்லாம் அந்த அடுப்பின் முன்னால் நின்றபோதுதான் எனக்குத் தெரியவந்தது. சரக்குத் திரும்பி வந்தது. வாடகை, பிடித்தம் எல்லாம் சேர்த்து 1 லட்சத்து 90 ஆயிரம் நட்டம். அவர் என்மேல் கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. சொல்லாமல் கலந்தது நான். இப்போது தோலோடு சவுக்கு மரத்தூளை மட்டும் கலக்கிறேன், எவ்வளவு கலந்தேன் என்று பில்லிலேயே எழுதுகிறேன். கரும்புச் சோகையை ஐந்து டன் அளவில் சோதித்துப் பார்த்தேன். ஏக்கருக்கு ஏக்கர் கொளுத்தப்படும் நல்ல சரக்கு அது, ஆனால் வயலிலிருந்து பொதியாகக் கட்டி எடுத்துவர ஆகும் செலவு என் கையை மீறியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மனம் ஆறவில்லை.

விற்பனையில் பட்ட அடி ஒன்று, ஆய்வுக்கூட அறிக்கையைப் படிக்கத் தெரியாததால் வந்தது. எரித்தால் கிலோவுக்கு 4,200 கிலோகலோரி வெப்பம் கிடைக்கும் என்ற அறிக்கையைப் பெருமையோடு நீட்டினேன். ஒப்பந்தத்தில் குறைந்தது 3,900 வேண்டும் என்றிருந்தது, தைரியமாகக் கையெழுத்திட்டேன். என் எண் முழுக்க உலர்ந்த நிலையில் எடுத்தது. அவர்கள் அளப்பது சரக்கு வந்து சேர்ந்த நிலையில். 12 சதவீத ஈரத்தோடு போன சரக்குக்கு அதே 4,200, 3,696 ஆகிவிடுகிறது. மூன்று லாரிகளுக்கு விலையைக் குறைத்தார்கள். எந்த நிலையில் எடுத்த எண் என்று கேட்காமல் எந்த எண்ணுக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு வாடிக்கையாளர் ஒரு காசும் பிடிக்கவில்லை, ஆனால் தரவும் இல்லை. 4 லட்சத்து 10 ஆயிரம் ரூபாய் பத்து மாதங்களாக நிற்கிறது. 2006ஆம் ஆண்டின் சிறு, குறு தொழில் சட்டப்படி 45 நாட்களுக்குள் பணம் தரவேண்டும், தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. சென்னை, கோவை, மதுரை, திருச்சியில் இதற்கென மன்றங்கள் இருக்கின்றன. அதோடு வருமான வரிச் சட்டத்தில் 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வந்த மாற்றத்தால், நமக்கு உரிய காலத்தில் தராமல், நிதியாண்டு முடியும்போதும் பாக்கி வைத்திருக்கும் தொகையை அவர்கள் அந்த ஆண்டுச் செலவாகக் காட்ட முடியாது. மார்ச் மாதத்தில் இதை நினைவூட்டி ஒரு கடிதம் அனுப்பினால் பல இடங்களில் வேலை நடக்கிறது. எனக்கு இரண்டு இடங்களில் நடந்தது. இவற்றைக் கேட்க, முதல் லாரி கிளம்புவதற்கு முன்பே உற்பத்தியாளர் என்ற வகையில் உத்யம் என்ற சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு இருக்க வேண்டும். என்னிடம் இருந்தது. மன்றத்தில் மனு போட்டிருக்கிறேன்.

மல்லாட்டைத் தோல் ஆண்டு முழுவதும் ஒரே சீராகக் கிடைப்பதில்லை. பங்குனியிலிருந்து ஆனி வரை வாங்கிக் குவித்தால்தான் கார்த்திகை, மார்கழிக்கு ஓட்ட முடியும். அதுவும் காற்றடைத்த மூட்டைபோன்ற சரக்கு. ஒரு கன மீட்டரில் 100 கிலோகூடத் தேறாது. 2024இல் 140 டன் தோலைக் கூரை இல்லாத பக்கத்தில் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தேன். நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை. தார்ப்பாய் எங்கே போனது என்றே தெரியவில்லை. காலையில் இடுப்பளவுத் தண்ணீரில் கொட்டகைக்குப் போனேன். தோல் முழுவதும் வயல்களில் மிதந்துகொண்டிருந்தது. உள்ளே அடுக்கியிருந்த 35 டன் கட்டைகள் ஊறிப் பொங்கிக் கஞ்சியாகிவிட்டன. கல்போல இறுகிய கட்டை தண்ணீர் பட்டால் இப்படி ஆகும் என்று தெரிந்தும், தரையில் பலகை போடாமல் அடுக்கியிருந்தேன். மோட்டாரைத் தொட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அழுகை வரவில்லை, பசித்தது. அதுவே எனக்குப் பயமாக இருந்தது.

காப்பீடு இருந்தது. ஆனால் பாலிசியில் "கட்டடத்துக்குள் உள்ள இருப்பு" என்று எழுதியிருந்ததால், திறந்தவெளியில் இருந்த 7 லட்சம் ரூபாய் தோலுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கட்டைகளுக்கு 1 லட்சத்து 60 ஆயிரம் வந்தது. மோட்டாருக்குக் கம்பி சுற்றவும் இயந்திரத்தைத் துடைத்துப் பூட்டவும் ஒரு லட்சம் ஆயிற்று. திறந்தவெளி இருப்பை இடத்தின் சர்வே எண்ணோடும் அதிகபட்ச மதிப்போடும் தனியாக எழுதச் சொல்லுங்கள். மாதந்தோறும் இருப்புப் பதிவேட்டையும் புகைப்படத்தையும் வேறு ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். என் பதிவேடு தண்ணீரில் போனதால் கட்டையின் கணக்கை நிரூபிக்கவே இரண்டு மாதம் அலைந்தேன்.

இப்போது கூரையை முடித்துவிட்டேன். தரையை இரண்டரை அடி உயர்த்தினேன். பழைய உலர்த்தி ஒன்றைத் தவணையில் வாங்கியிருக்கிறேன். அதற்கு என் கட்டையிலிருந்தே கொஞ்சம் எரிகிறது. மணிக்கு 900 கிலோ என்ற எண்ணை வைத்தே கணக்குப் போடுகிறேன், கடந்த ஐந்து மாதங்களாக டன்னுக்கு நானூறு ரூபாயை ஒட்டி லாபம் நிற்கிறது. கை வெந்த பையன்தான் இப்போது இயந்திரத்தை ஓட்டுகிறான். நகை இன்னும் அடகில் இருக்கிறது.

போன மாதம் செஞ்சியிலிருந்து ஒரு இளைஞர் இயந்திர விலைப்பட்டியலோடு வந்தார். மறுநாள் முன்பணம் அனுப்பப் போவதாகச் சொன்னார். அவருடைய ஊர் மில்லிலிருந்தே ஒரு பை தோல் எடுத்துக் காயவைத்து நிறுத்துப் பார்த்துவிட்டு அனுப்பச் சொன்னேன். எப்படி எடுக்க வேண்டும் என்று முழங்கை ஆழத்தைக் காட்டினேன். மூன்றாம் நாள் இரவு ஒன்பது மணிக்குத் தொலைபேசியில் அழைத்தார். "அக்கா, நூறு கிராம் எழுபத்து நான்கு ஆகிவிட்டது" என்றார். பேனாவும் தாளும் எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.